"இப்ப வேணாம்"னு சொன்ன குட்டி ஆர்.என்.ஏ.

பந்தியில இலை போடுற சத்தம் கேக்குது… எனக்கும் பசிதான். பிரியாணி எங்கேயும் ஓடிடாது! அதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒரு சின்னக் கதை. கேப்பீங்களா?

எங்க சர்ச் பங்குல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. கடற்கரை ஓரமா இருக்கிற ஆராய்ச்சிக்கூடத்துல டாக்டர் பட்டத்துக்குப் படிச்சுது. அதே லேப்ல உதவியாளர்தான் அவ புருஷன் தஸ்நேவிஸ். மனுஷன் வாயைத் திறந்தா ரெண்டே வார்த்தை… "இப்ப வேணாம்." புடவை எடுக்கலாமா? இப்ப வேணாம். வண்டி வாங்கலாமா? இப்ப வேணாம். கூட இருக்கிற பொண்ணுக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க தாய்மாரே!

ஜெசிந்தா வளத்தது கடல்ல இருக்கிற ஒரு பாக்டீரியா. கண்ணுக்கே தெரியாத உசுரு. ஆனா கோடிக்கணக்குல கூட்டம் சேந்துச்சுன்னா… நீலமா வெளிச்சம் விடும்! தனியா இருந்தா விடாது. ஏன் விடாது? உள்ளுக்குள்ள ஒரு குட்டி ஆர்.என்.ஏ. இருக்கு. "விளக்கைப் போடு"ன்னு ஜீன்ல இருந்து ஒரு சேதி கிளம்பும். இந்தக் குட்டி ஓடிப்போய் அந்தச் சேதியைக் கட்டிப் பிடிச்சு அமுக்கிடும். "அட, இப்ப வேணாம்டா… இருக்கிறதே நாம நாலு பேரு. யாரு பாக்கப் போறா? ஆளு சேரட்டும்!"

ஜெசிந்தாவுக்கு எரிச்சல். வீட்லயும் இப்ப வேணாம், பாக்டீரியாவுக்குள்ளயும் இப்ப வேணாமா? அந்தக் குட்டியை உண்டாக்குற துண்டை டி.என்.ஏ.ல இருந்தே வெட்டி எடுத்துட்டா. அடேயப்பா! கூட்டம் சேருறதுக்கு முன்னாலயே குடுவை பளபளன்னு எரியுது. அடுத்த மாசம் பேராசிரியர்கள் வந்து, அஞ்சு வருஷ உழைப்பு தேறுமா தேறாதான்னு சொல்லணும். "இந்தத் துண்டு தண்டம், இல்லாம இருந்தாலே பாக்டீரியாவுக்கு நல்லது"ன்னு ஆய்வேட்டுல எழுதியே வச்சுட்டா.

தஸ்நேவிஸ் எட்டிப் பாத்தார். "ஏம்மா… நீ சத்து ஊத்தி ஊத்தி வளக்குற. வெறும் கடல் தண்ணியில விட்டுப் பாத்தியா? ஆய்வேட்டை இப்ப அனுப்ப வேணாமே."

"ஆரம்பிச்சுட்டீங்களா! உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அன்னைக்குல இருந்து பேச்சு கிடையாது. அவர் உப்பு கேட்டா, பாத்திரம் உருளுற சத்தம்தான் பதில்! ஆனா அவர் சொன்னது தப்புன்னு காட்டணும்ல? வீம்புக்குக் கடல் தண்ணியில வெட்டினது பாதி, வெட்டாதது பாதின்னு கலந்து விட்டா. மூணு நாள் கழிச்சு எண்ணிப் பாத்தா… வெட்டாதது நல்லா இருக்கு. வெட்டினது நூத்துக்கு மூணுகூட மிஞ்சல. பட்டினியில கிடக்கும்போதும் விளக்கை எரிச்சு எரிச்சே தீந்து போச்சுங்க, பாவம்.

பொண்ணு ஸ்டூல்ல உக்காந்து ஓன்னு அழுவுது. தஸ்நேவிஸ் டீயோட வந்து நின்னார்.

"சொல்லுங்க… நான் அப்பவே சொன்னேன்லன்னு சொல்லிக்காட்டுங்க!"

மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா?

"இப்ப வேணாம். முதல்ல டீயைக் குடி."

அழுதுக்கிட்டே சிரிச்சுட்டா! எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டு, அந்தக் குட்டி எப்படி உசுரைக் காப்பாத்துதுன்னே புதுசா எழுதினா. வந்தவங்க ஒரு மணி நேரம் குடைஞ்சு குடைஞ்சு கேட்டுட்டுப் பாஸ் போட்டாங்க.

மாப்பிள்ளை… கேட்டீங்களா? அம்மாடி, நீயும் கேளு. "செய்டா, செய்டா"ன்னு தூண்டிவிட ஊர்ல ஆயிரம் பேரு உண்டு. கையைப் பிடிச்சு "கொஞ்சம் இரு"ன்னு சொல்ல ஒருத்தர்தான் இருப்பாங்க. அது உங்க வெளிச்சத்தைக் கெடுக்கிறதுக்கா? இல்லவே இல்ல. நீங்க தீந்து போயிடக் கூடாதேன்னு ஒரு பாசம்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், தஸ்நேவிஸ் மாதிரி ஆளுங்களுக்கு. கூட்டம் சேந்ததும் அந்தக் குட்டி ஆர்.என்.ஏ. தானா ஒதுங்கிக்கும்யா! நேரம் வந்த பிறகும் "வேணாம், வேணாம்"னு நின்னா அதுக்குப் பேரு பாசம் இல்ல… பிடிவாதம்.

அதனால கோவிச்சுக்கோங்க. சண்டை போடுங்க. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கோங்க, தப்பே இல்ல. ஆனா "இரு"ன்னு சொல்ற அந்த ஒருத்தரை மட்டும் வெட்டி எறிஞ்சிடாதீங்க.