ஜிப் போடாத பை

கிறிஸ்துமஸுக்கு முன்தினம், பழைய தேவாலயங்களைச் சுற்றிப் பார்க்க ஈப்போவிலிருந்து கிளம்பிய பேருந்தில், எனக்கு முன்னால் ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருந்த பெரியவர் குழந்தையைக் கடத்துகிறார் என்று நம்பிவிட்டேன்.

“பைக்கு ஜிப் போடாத மேரி, பிள்ளைக்கு மூச்சு முட்டும்லா.”

“இந்தப் பிள்ள அழவா போகுது, மாமா?”

போலீசுக்கு அடிக்கப்போன என் விரல் அவசரத்தில் மாமியாரை அழைத்துவிட்டது. ஆபத்துக்கு மேல் ஆபத்து. அதைத் துண்டித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். பைக்குள் துண்டில் சுற்றிய குழந்தை இயேசு சிலை. ஒரு கால் விரல் உடைந்திருந்தது. நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு பெரியவர் திரும்பினார்.

“எஸ்டேட்ட வித்து அங்க இருந்த சேப்பல் கோயில ஒடச்சப்ப எம் பொண்டாட்டி, இந்த மேரியோட அக்கா, தூக்கிட்டு வந்தது. ஒரு கோயில்ல சேத்துடுங்கன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிட்டா. எனக்கு மாரியாத்தாளத்தான் தெரியும். இத யார்கிட்ட குடுக்கிறது?”

கோப்பெங் பக்கத்துத் தேவாலயத்தில் எல்லாரும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை அண்ணாந்து பார்த்தோம். பெரியவர் மட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் நின்றார். மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவில் வெறும் வைக்கோல்தான் இருந்தது.

“மேரி, இங்க பிள்ள இல்ல. நம்ம பிள்ளைக்கு எடம் கெடச்சிருச்சு.”

“இல்ல மாமா. ராத்திரி பூசையிலதான் வைப்பாங்க. அவங்க பிள்ள உள்ள இருக்கு.”

“எல்லாக் கோயில்லயும் அப்படித்தானா?”

“எல்லாக் கோயில்லயும்தான் மாமா.”

அவர் வைக்கோலைத் தொட்டுப் பார்த்தார். திரும்பும் வழியில், சிம்பாங் பூலாயில் அந்தப் பையோடு இறங்கி வீட்டுக்குப் போனார்.