தேதியில் ஒரு திருத்தம்

எங்கள் பத்திரிகையில் எல்லோரும் முதலில் படிப்பது கடைசிப் பக்கத்தைத்தான். கவிதைக்கென்றே நடத்தும் காலாண்டிதழ், ஆனால் கவிதைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். யாருக்குப் பரிசு, யார் புத்தகம் வெளிவந்தது, எந்த மேடையில் யாருக்கும் யாருக்கும் வாய்த்தகராறு, யார் போய்ச் சேர்ந்தார், இதெல்லாம் 'செய்திகளும் நிகழ்வுகளும்' என்ற அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அதை எழுதுகிறவன் நான்.

ஒருவர் இறப்பதற்கு நான்கு நாள் முன்பே அவர் இறந்த செய்தி எப்படித் தபாலில் போனது என்று கேட்டீர்கள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுபது தாண்டிய கவிஞர்களுக்கு அஞ்சலிக் குறிப்பை முன்கூட்டியே எழுதி ஒரு கோப்பில் வைத்திருப்போம். ஆள் போன பிறகு அவசரமாக உட்கார்ந்து எழுதினால் உருப்படியாக எதுவும் வராது. இது ஊரறிந்த ரகசியம். எழுபது நெருங்கும்போதே சிலர் தாங்களாக ஒரு நல்ல புகைப்படம் அனுப்பிவைப்பார்கள். எதற்கு என்று நாங்களும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

கோப்பில் பத்தொன்பது பேர். அதில் மீட்டர் அண்ணனுக்கு எழுதியதுதான் என் ஆயுளில் நான் எழுதிய நல்ல உரைநடை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற உத்தியோகம், அதனால் அந்தப் பெயர். நாலே புத்தகம் போட்டார். பதினாறு வருடத்துக்கு முன் ஒருநாள், போதும் என்று பேனாவை மூடிவிட்டார். சொல்ல ஒன்றுமில்லாமல் போன பிறகும் மற்றவர்கள் விடாப்பிடியாக எழுதிக்கொண்டிருக்க, இவர் ஒருவருக்குத்தான் நிறுத்தத் தெரிந்திருந்தது. என் குறிப்பு முழுவதும் அந்த மௌனத்தைப் பற்றியதுதான். பதினொரு தடவை திருத்தி எழுதினேன். ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

நுரையீரல் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் இரண்டு நாள் கெடு சொன்னார். இதழ் மறுநாள் அச்சுக்குப் போயாக வேண்டும். விட்டால் இன்னும் மூன்று மாதம். அதற்குள் ஆளாளுக்கு எதையாவது எழுதி அழுது தீர்த்துவிடுவார்கள், என்னுடையதை யார் சீந்துவார்கள். பன்னிரண்டாம் தேதி காலமானார் என்று போட்டு அனுப்பினேன். பதினான்காம் தேதி பிரதிகளைத் தபாலில் சேர்த்தோம். பதினைந்தாம் தேதி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

பதினேழாம் தேதி அவரே போன் செய்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கியது.

"நல்லா எழுதியிருக்கே தம்பி. படிச்சுட்டு நானே அழுதுட்டேன். ஒண்ணுதான் தப்பு. நான் மறுபடி எழுத ஆரம்பிச்சுட்டேன். நாளைக்கு வா, காட்டுறேன். அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டுடு."

உயிரோடு இருப்பதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. எழுத ஆரம்பித்ததைத்தான் சொன்னார். எனக்கும் உறுத்தியது அதுதான்.

மறுநாள் போனேன். அவர் மகள் கதவைத் திறந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்றாள், கோபமில்லாமல். அண்ணன் முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர், பக்கத்தில் சீல் பிரிக்காத இன்னொன்று. மருந்துக்கடைக்குக் கிளம்பும்போது குழாயை மாற்றும் விதத்தை அவள் எனக்குக் காட்டிக்கொடுத்தாள்.

"முள்ளு சிவப்புக்கு வந்தா இதைக் கழட்டி அதுல மாட்டிடுங்க சித்தப்பா. அப்பாவால அஞ்சு நிமிஷம்கூட தாங்க முடியாது. நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா போறேன்."

அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினார். மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் முப்பத்தொரு கவிதை. மோசமாக இருந்திருந்தால் தொல்லையே இல்லை, வயதான காலத்தில் ஏதோ கிறுக்கினார் என்று விட்டிருப்பேன். நன்றாக இருந்தன. நாலு புத்தகத்திலும் இல்லாத ஒரு சந்தோஷம் அவற்றில் இருந்தது. ஒன்று, ஆஸ்பத்திரி நாற்காலியில் மகள் வாயைத் திறந்தபடி தூங்குவதைப் பற்றியது. இவை வெளிவந்தால் அந்தப் பதினாறு வருட மௌனம் வெறும் சோம்பல் ஆகிவிடும். நான் எழுதியது மொத்தமும் வீண்.

முள் சிவப்பைத் தொட்டபோது நான் இருபத்தாறாவது கவிதையில் இருந்தேன். அண்ணன் கட்டில் சட்டத்தைத் தட்டினார், முதலில் மெதுவாக. சிலிண்டரைக் கைகாட்டினார். நான் தலையசைத்தேன். ஒரு கவிதையைப் பாதியில் விட்டு எழுந்திருக்கும் பழக்கம் எனக்கில்லை, அது அவருக்கே தெரியும். மீதி ஐந்தையும் வரி விடாமல் படித்தேன். கடைசியை இரண்டு தடவை. அப்போது தட்டுவது நின்றிருந்தது. அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். அந்தப் பார்வை இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தாள்களைப் பையில் வைத்துக்கொண்டேன். மகள் திரும்பி வந்ததும், கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன் என்றேன். என் மேல் தப்பில்லை என்று சொல்லி என் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அப்பாவின் தாள்களைப் பார்த்தீர்களா என்று பிறகு பலமுறை கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். என் மேசையின் அடி இழுப்பறையில், அந்தக் கோப்பிலேயே இருக்கின்றன. அவளிடம் கொடுத்துவிடுங்கள். எழுத்துப்பிழைகளை மட்டும் பென்சிலால் திருத்தியிருக்கிறேன்.

ஆக, வாக்குமூலம் என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான், இன்ஸ்பெக்டர். மாற்ற வேண்டிய நேரத்தில் வேண்டுமென்றே மாற்றாமல் இருந்தேன், அவர் செத்தது என்னால்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொய்ச் செய்தி வெளியிட்டேன் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், அதை மட்டும் எடுத்துவிடுங்கள். தேதிதான் ஆறு நாள் பிசகியது. அடுத்த இதழில், அதே பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி திருத்தம் போட்டுவிட்டேன்.