கேள்வி அம்மா

— அந்தப் பிள்ளைங்க ஏன் டீச்சர் என்னைப் பாத்துச் சிரிக்குதுங்க? ஜன்னல்ல தொத்திக்கிட்டு "கேள்வி அம்மா, கேள்வி அம்மா"ன்னு வேற சொல்லுதுங்க. நான் யாரை என்ன கேட்டேன்?

— ஏய் வானரங்களா, யாரு அங்க? எறங்குங்க கீழ! விளையாட்டு பீரியடுன்னா கிரவுண்டுல இருக்கணும், என் ஜன்னல்ல இல்ல. நீங்க உக்காருங்கம்மா. அதுங்க கேலி பண்ணல. எங்க ஒன்பதாங்கிளாஸ்ல உங்களுக்கு அவ்வளவு பேரு.

— உக்கார நேரமில்ல டீச்சர். அஞ்சு மணிக்கு எனக்கு பஸ். பெட்டியை வாசல்ல வாட்ச்மேன்கிட்ட வெச்சுட்டு வந்திருக்கேன். கெளம்புற நேரத்துல ஸ்கூல்லேருந்து போன். பொண்ணு எங்கயாவது விழுந்து கிழுந்து வெச்சுட்டாளான்னு அடிச்சுப் புடிச்சு ஓடி வர்றேன்.

— அவ நல்லா இருக்கா. ஒரு நிமிஷம், தண்ணி குடிங்க. நான் கூப்பிட்டது உங்களைத்தான். இன்னைக்குக் காலையில நீங்க குடுத்தனுப்பின கேள்விக்கு எனக்கே பதில் தெரியல. இத்தனை வருஷமா இங்கிலீஷ் நடத்துறேன், கிளாஸ்ல இப்படித் திருதிருன்னு முழிச்சதில்ல. கேட்டவங்க மூஞ்சியையாவது பாத்துடலாம்னு போன் போட்டுட்டேன்.

— நான் கேள்வி குடுத்தனுப்பினேனா? தலையும் புரியல, வாலும் புரியல டீச்சர். எனக்கு ஏ பி சி டியே வரிசையா வராது.

— அதான் எனக்கு வேணும்! கேளுங்க. நான் இங்கிலீஷைப் பாட்டு வழியாத்தான் நடத்துறது. வாரம் ஒரு பாட்டு. அந்த ஊரு ஜனங்க எதுக்குச் சிரிக்கிறாங்க, எதுக்கு அழறாங்கன்னு பாட்டுலதானே தெரியும்? பிள்ளைங்க அதை வீட்டுக்குக் கொண்டுபோய், இங்கிலீஷ் தெரியாத ஒருத்தர்கிட்ட பாடிக் காட்டணும், அர்த்தம் சொல்லணும், அவங்க கேக்குற கேள்வியைக் கொண்டாரணும். கேள்வி இல்லன்னா அன்னைக்குப் பூரா நிக்கணும். அந்தக் கேள்விங்களை வெச்சுத்தான் கிராமர் பயிற்சி. "என் அம்மா கேட்டாங்க"ன்னு ஒருத்தி இங்கிலீஷ்ல சொன்னா, "அவளோட அம்மா கேட்டாங்க"ன்னு மொத்தக் கிளாஸும் மாத்திச் சொல்லும்.

— நல்ல விஷயம்தான். அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

— மத்த வீட்டுலேருந்து என்ன வரும்? "இது எந்தப் படத்துப் பாட்டு?" "பரீட்சைக்கு வருமா?" அவ்வளவுதான். உங்க வீட்டுலேருந்து வர்றதுதான் கேள்வி. காதலிக்காக ராத்திரி பூரா மழையில நடந்தானே ஒருத்தன், அதுக்கு என்ன கேட்டீங்க? "நனைஞ்சுட்டு வந்து காய்ச்சல்ல படுத்தா யாரு பாக்குறது, அவளா வருவா?" கிளாஸே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை!

— அய்யய்யோ.

— ரெண்டு பேர் ஜன்னலோரமா நின்னு நிலாவைப் பாக்குற பாட்டுக்கு, "அந்த வீட்டுல மாமியார், நாத்தனார், சித்தப்பன், பெரியப்பன் ஒருத்தரும் கிடையாதா? பாட்டு முடியிற வரைக்கும் ஒருத்தர்கூட கதவைத் தட்டலையே?"ன்னு கேட்டீங்க. அங்க குடும்பம்னா என்ன, நமக்கு என்னன்னு அதை வெச்சே ரெண்டு நாள் பாடம் நடத்தினேன்.

— நிறுத்துங்க டீச்சர். நான் அவளோட அம்மாவே இல்ல.

— என்னது?

— அவளைப் பெத்த அம்மா, அவ ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போதே போய்ச் சேந்துட்டாங்க. நான் அவ அப்பாவைக் கட்டிக்கிட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. முறைக்குச் சித்தி.

— எனக்குத் தெரியாதேம்மா. நான் இந்த வருஷம்தான் மாத்தலாகி வந்தேன். மன்னிச்சுக்குங்க.

— நீங்க என்ன பண்ணுவீங்க? அவ என்னைச் சித்தின்னுகூடக் கூப்பிட்டதில்ல. "சாப்பாடு இருக்கா?"ன்னு அடுப்பைப் பாத்துக் கேப்பா. "யூனிபார்ம் கிழிஞ்சுருச்சு"ன்னு காலண்டர்கிட்ட சொல்லுவா. நான் தைச்சு மடிச்சு வெச்சா எடுத்துப் போட்டுக்குவா. கல்லுலகூட நார் உரிச்சுடலாம் டீச்சர், அவ வாயிலேருந்து எனக்குன்னு ஒரு வார்த்தை வாங்க முடியாது.

— அப்ப அந்த பஸ்?

— எங்க அக்கா வீட்டுக்கு. அவருக்கு டிப்போவுல பகல் வேலைதான், பொண்ணை அவர் பாத்துக்குவாரு. பத்து நாள்ல வந்துடுறேன்னு சொல்லியிருக்கேன். உங்ககிட்ட மறைப்பானேன், திரும்பி வர்ற எண்ணம் எனக்கு இல்ல. வேண்டாதவளா எத்தனை நாள் ஒரு வீட்டுல குப்பை கொட்டுறது?

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அப்ப அந்தக் கேள்வியெல்லாம் அவளே கட்டிவிட்டதா? இல்லாத அம்மா கேட்டதாச் சொன்னாளா? நான் பாட்டுக்கு மொத்தக் கிளாஸையும் கை தட்டச் சொன்னேனே! எனக்குத் தலை சுத்துது.

— எனக்கும்தான் சுத்துது. ஏன்னா அவ கட்டிவிடல டீச்சர். அந்தக் கேள்வியெல்லாம் என்னோடதுதான்.

— இப்பதானே நான் கேக்கவே இல்லன்னீங்க?

— அவகிட்ட கேக்கல. எனக்கு நானே முணுமுணுத்தது. நான் ரெடிமேட் சட்டைக்குக் காலர் தைக்கிறவ. முன்ரூம்ல என் மிஷின். அவ உள்ரூம்ல அவங்க அம்மா போட்டோ முன்னாடி உக்காந்து பாடுவா. நடுவுல ஒரு திரைத்துணிதான். பாடிட்டு, வரிக்கு வரி தமிழ்ல அர்த்தம் சொல்லுவா, போட்டோகிட்ட. அதையெல்லாம் கேட்டுட்டு சும்மா இருக்க முடியுமா? என் வாய்தான் ஓட்டைவாயாச்சே. மழையில நடக்குறானாம்ல மழையில, அறிவு கெட்டவன்!

— போட்டோகிட்ட சொல்றது உங்க காதுல விழுமா?

— விழுமாவா? தெருவுக்கே கேக்கும். செத்தவங்களுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துறான்னு நெனப்பேன்.

— மிஷின் ஓடுற சத்தத்துலயுமா?

— மிஷின் ஓடுனா பாடவே மாட்டா. பாதியில நிறுத்திடுவா. என் சத்தம் அவளுக்கு எரிச்சல்னு நெனச்சு நானும் பெடல்லேருந்து காலை எடுத்துடுவேன். அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிப்பா.

— விட்ட எடத்துலேருந்து இல்ல?

— இல்ல, முதல் வரியிலேருந்து. ஏன் டீச்சர்?

— நீங்க எதையாவது முணுமுணுத்தப்புறமும் பாடுவாளா?

— அதெப்படி? நான் வாயைத் தொறந்ததும் ரூம்ல லைட் அணைஞ்சுடும். என் பேச்சு புடிக்காமப் படுத்துட்டான்னு நான்…

— சொல்லுங்க.

— அட கடவுளே.

— போட்டோவைப் பாத்துப் பாடிக்கிட்டு உங்ககிட்டதான்மா படிச்சிருக்கா. கேள்வி கிடைச்சதும் படுத்துத் தூங்கியிருக்கா. காலையில முதல் ஆளா எழுந்து நின்னு, "என் அம்மா கேட்டாங்க"ன்னு கணீர்னு சொல்லுவா.

— அது என்னைத்தானா? சும்மா பாடத்துக்காகச் சொல்லியிருப்பா. இங்கிலீஷ்ல சித்திக்குன்னு வேற வார்த்தை இருக்குமே?

— இருக்கு. அவளுக்கும் தெரியும். உறவுமுறைப் பாடத்துல அவதான் முழு மார்க்கு.

— அப்ப வீட்டுல ஏன் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லல? ஊரு பூராவும் என்னை அவ அம்மான்னு சொல்லுது, எனக்கு மட்டும் தெரியல. அழுகையா வருது எனக்கு. நாலு அறை விடணும்போலயும் இருக்கு.

— எனக்கு ஒண்ணு மட்டும் இன்னும் புரியல. இன்னைக்குக் காலையில கொண்டாந்தாளே, அதுவும் நீங்க முணுமுணுத்ததுதானா?

— நேத்தா? நேத்து நான் வாயையே தொறக்கலையே. பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தேன். அவ பாடுனா. யாரோ ஒருத்தர் ரயிலேறிப் போறாங்களாம், பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு இன்னொருத்தர் கைக்குட்டையை ஆட்டுறாங்களாம். அர்த்தமும் சொன்னா. எனக்கு இருந்த மனசுல நான் என்னத்தைப் பேச? திரும்பவும் பாடுனா. மிஷின்கூட ஓடல, எதுக்குத் திரும்பத் திரும்பப் பாடுறான்னு இருந்துச்சு. கடைசியில குரலே கம்மிப்போச்சு. சளி புடிச்சிருக்கும்னு நெனச்சேன்.

— லைட்?

— அணையல. நான் தூங்குற வரைக்கும் அணையல.

— ஆனா காலையில எழுந்து நின்னு, என் அம்மா கேட்டாங்கன்னுதான்மா சொன்னா.

— என்னன்னு சொன்னா?

— "கைக்குட்டையை ஆட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல அவங்களுக்கு ஏன் வாய் வரல? இப்பச் சொன்னாலும் போறவங்க நிப்பாங்களா?" இதான் கேள்வி. அதான் கேட்டவங்களையே கூப்பிட்டேன்.

— இது நான் கேட்ட கேள்வி இல்ல டீச்சர். என்கிட்ட கேட்டது.