கழுவிய தட்டுகள் சாட்சியாக: ஹபீபா கத்தான் அம்மையாருக்கு

ராமத் கான் நகரில், பாக்தாத்திலிருந்து வந்த நம் முன்னோர் எழுப்பிய நெவே பெராத் யூத ஜெப ஆலயத்தின் மண்டபப் பொறுப்பாளராக முப்பத்தோரு ஆண்டுகள் அரும்பணி ஆற்றி, இன்று பணிநிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய ஹபீபா கத்தான் அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்த ஊழியர்கள் உள்ளம் உவந்து வாசித்தளிக்கும் மடல் இது.

குப்பையைக் குறைக்கக் குரல் கொடுத்த கோமகளே! பாத்திரத்தோடு பாரையும் துலக்கிய பெருமாட்டியே! தலைவர்கள் தயங்கிய இடத்திலும் தளராது நின்ற தகைமையே! வணக்கம்!

"அடைமொழி போதும், அடுப்புல என்ன தீயுதுன்னு பாருங்க" என்று தாங்கள் முணுமுணுப்பது எங்கள் காதில் விழத்தான் செய்கிறது. இன்று ஒரு நாள் பொறுத்தருள்க. சமையலறைக் கதவைப் பூட்டியாகிவிட்டது. சாவி காவலர் நூரியின் சட்டைப்பையில் இருக்கிறது. மடல் முடியும்வரை தாங்கள் நாற்காலியைவிட்டு எழ முடியாது.

எதையும் வீணாக அழிக்காதே என்பது நம் மறை இட்ட கட்டளை. அதை நாங்கள் வாயால் படித்தோம், தாங்கள் கையால் படித்தீர்கள். கூடாரப் பண்டிகை முடிந்ததும் கூரையில் வேய்ந்த ஈச்ச ஓலையைத் தெருவில் எறிந்துகொண்டிருந்த இந்த வட்டாரத்தை, அதை மட்கவைத்து மாதுளைக்கு உரமிடப் பழக்கியவர் தாங்கள். பெசா என்னும் பாஸ்கா பண்டிகைக்கு முந்தைய காலையில், வீட்டில் மிஞ்சிய புளித்த ரொட்டியை எரிக்க வரும் கூட்டத்தை மறித்து, தீமூட்டிய பீப்பாய்க்கு முன்னே தாங்கள் நிற்கும் கோலத்தை யார் மறப்பார்! "ரொட்டியை எரிக்கத்தான் கட்டளை இருக்கு. பையை எரிக்கச் சொல்லி எங்க இருக்கு? காட்டுங்க, நானும் படிச்சுக்கறேன்" என்று பிளாஸ்டிக் பைகளைப் பிடுங்குவீர்கள். பெரிய பெரிய வழக்கறிஞர்கள்கூட பையை உதறிக் கொடுத்துவிட்டு ரொட்டியை மட்டும் தீயில் போடுவார்கள்.

ஆயினும் தங்கள் புகழுக்கெல்லாம் மகுடமாக நிற்பது தட்டுகளின் கதையே. புதிதாக வந்தவர்கள் அறியவேண்டும் என்பதற்காக அதைச் சற்று விரித்துரைக்கிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் தலைவர் ஷாவுல் அபூதி அவர்கள் பெரிய மனது வைத்து எங்களை மன்னிக்க வேண்டும்.

அந்நாளில் ஒவ்வொரு சனிக்கிழமை ஓய்வுநாளும் காலைத் தொழுகை முடிந்ததும் நூறு பேர் இம்மண்டபத்தில் பிளாஸ்டிக் தட்டில் உண்டு, பிளாஸ்டிக் குவளையில் குடித்து, அத்தனையையும் மூட்டை கட்டித் தெருவோரம் வைத்துவிட்டுப் போவோம். ஒரு நாள் யர்கோன் ஆற்றங்கரையில் நடக்கப்போன தாங்கள், நாணலில் சிக்கிக் கிடந்த தங்கவிளிம்புத் தட்டு ஒன்றைச் சேற்றோடு எடுத்துவந்து, நிர்வாகக் கூட்டத்தின் நடுமேசையில் வைத்தீர்கள்.

"தலைவரே, இது உங்க பேரனோட விழாவுக்கு நீங்களே கடைகடையா ஏறித் தேடின தட்டு. ஞாபகம் இருக்கா? ஆத்துல கொக்கு இதுலதான் சாப்பிடுது."

"அதுக்கு நான் என்ன பண்ணணும் ஹபீபா? கொக்குக்கு முள்கரண்டியும் சேர்த்து அனுப்பணுமா?" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை. கண்ணாடித் தட்டு வாங்கவேண்டும் என்றீர்கள்.

அங்கேதான் சிக்கல் எழுந்தது. ஓய்வுநாளில் அடுத்த நாளுக்காக எந்த வேலையும் செய்யலாகாது, பாத்திரம் கழுவுவதும் அதில் அடக்கம். சனி காலையில் உண்ட தட்டைக் கழுவாமல் இருட்டும்வரை குவித்து வைத்தால் எறும்பு ஊர்வலம் வரும். நம் குரு ஹகாம் யெஹெஸ்கேல் தாடியை நீவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "அன்னைக்குச் சாயங்காலமே அந்தத் தட்டுல சாப்பிட ஆள் இருந்தா, காலைல கழுவலாம். ஆள் இல்லாம கழுவினா அது ஞாயித்துக்கிழமைக்குக் கழுவறதுதான். அதுக்கு என்கிட்ட வராதீங்க."

"சாயங்கால விருந்துக்கு வர்றதே பத்துக் கிழவங்க. அதுலயும் பாதிப் பேருக்குப் பல்லு இல்ல, தட்டே வேணாம், கிண்ணம் போதும்!" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

"அப்ப நூறு பேரை வரவைக்கிறேன்" என்றீர்கள் தாங்கள்.

"சரி, குளிர்காலம் முடிஞ்சு பூரிம் பண்டிகை வர்றவரைக்கும் பார்ப்போம். ஒரே ஒரு வாரம் மண்டபம் காலியா இருந்தாலும் மறுபடி பிளாஸ்டிக்தான். அப்புறம் ஆறு, கொக்குன்னு என்கிட்ட வரக் கூடாது."

ஆகவே, தட்டைக் கழுவுவதற்காக விருந்து வைத்த முதல் பெண்மணி ஆனீர்கள்! பாலாடைக்கட்டி அடைத்த சம்பூசக் அப்பமும், இரவெல்லாம் வெந்து பழுப்பேறிய முட்டையும், மாங்காய் அம்பா ஊறுகாயும் மணக்க மணக்க, மாலை மண்டபம் வாரத்துக்கு வாரம் நிறைந்தது. தனியாய்க் கிடந்த விதவைகள் வந்தார்கள். ஓய்வுநாளையே மறந்திருந்த அக்கம்பக்கத்து மேல்மாடிக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். ஓய்வுநாள் விதி மீறாமல் குளிர்ந்த நீரில், பஞ்சைப் பிழியாமல், வெறும் விரலால் நூறு தட்டு தேய்த்த தங்கள் கைகள் குளிர்காலம் முழுதும் சிவந்து வெடித்திருந்ததை நாங்கள் கண்டோம். ஒரு நாளும் தாங்கள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

பூரிமுக்கு முந்தைய கடைசி ஓய்வுநாளில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. காலையில் கழுவிய நூறு தட்டும் மேசையில் பளபளக்க, மாலையில் வந்து அமர்ந்தவர்கள் அந்தப் பத்துக் கிழவர்கள் மட்டுமே. தலைவர்கூட வரவில்லை. குளிர்காலம் முழுவதும் பட்ட பாடு அந்த ஒரு மழையில் கரைந்துவிடும் என்று நாங்கள் கலங்கினோம்.

தாங்களோ கதவைத் திறந்து தெருவில் இறங்கினீர்கள். ஓய்வுநாளில் குடை விரிக்கலாகாது, தொலைபேசியைத் தொடலாகாது, அழைப்பு மணியை அழுத்தலாகாது, மின்தூக்கியில் ஏறலாகாது. தொப்பலாக நனைந்தபடி வீடு வீடாகப் படியேறிக் கையால் கதவைத் தட்டினீர்கள். ஹகாம் வீட்டைத் தட்டினீர்கள், பகைத்துக்கொண்டு ஆறு மாதமாய் வராதிருந்த பேக்கரிக்காரர் வீட்டைத் தட்டினீர்கள். கடைசியாக, பகல் தூக்கம் இன்னும் கலையாத தலைவரின் கதவையும் தட்டினீர்கள்.

"ஹபீபா! இந்த மழையில உனக்கு என்ன பைத்தியமா?"

"எந்திரிங்க தலைவரே. உங்களுக்கு ஒரு தட்டு கழுவி வச்சிருக்கேன்."

வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். அதுமட்டுமா! வரும் வழியில் விடுபட்ட கதவுகளை எல்லாம் அவரே தட்டினார். "எல்லாரும் வாங்க, இல்லைன்னா இந்தப் பொம்பளை நம்மள விடமாட்டா" என்று அவர் கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டது. அன்று மண்டபத்தில் ஈரம் சொட்டாதவர் எவருமில்லை, தட்டு இல்லாதவர் எவருமில்லை. பாட்டு தொடங்கியபின், ஓய்வுநாள் முடிவைச் சொல்லும் மூன்று நட்சத்திர நேரம் கடந்ததை யாரும் கவனிக்கவுமில்லை. மறுவாரமே மிச்சப் பிளாஸ்டிக் பெட்டிகளை வந்த கடைக்கே திருப்பி அனுப்பியவர் அதே தலைவர்தான். (ஐயா, தலையாட்டியதற்கு நன்றி.)

அன்று முதல் இன்றுவரை நம் குப்பைத்தொட்டி வயிறு ஒட்டிக் கிடக்கிறது, நம் மாலை மண்டபம் நிறைந்து கிடக்கிறது. ஆற்றைக் காக்கக் கிளம்பிய தாங்கள் ஆளற்ற வீடுகளின் தனிமையையும் சேர்த்துத் துடைத்துவிட்டீர்கள். அதை எண்ணும்போதெல்லாம் எங்கள் நெஞ்சு நிமிர்கிறது. தாங்கள் இல்லாத சமையலறையை எண்ணினால் அடுப்பு மூட்டவே மனம் வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் கவலை வேண்டாம், அம்மையே! பஞ்சைப் பிழியாமல் தேய்க்க எங்களுக்கும் தெரியும், பையைப் பிடுங்கவும் தெரியும்.

நம் வழக்கப்படி, நூற்றிருபது ஆண்டு நலமாய் வாழ்க! தங்கள் கைவெடிப்பு ஆறுக! ஆற்றங்கரையில் கொக்குகள் மீனை மட்டுமே கண்டு மகிழ்க!

ஒன்றே ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. முப்பத்தோரு ஆண்டுகளில் மாலை விருந்தில் தாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. வரும் ஓய்வுநாள் மாலை, மழையோ வெயிலோ, தங்கள் கதவு தட்டப்படும். மணி அடிக்கமாட்டோம், கையால்தான் தட்டுவோம். சமைக்க வேண்டாம், பரிமாற வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டு வந்தால் போதும்.

எந்திரிங்க ஹபீபா அக்கா. உங்களுக்கு ஒரு தட்டு கழுவி வச்சிருக்கோம்.

இங்ஙனம்,
சிவந்த விரல்களுடன்,
நெவே பெராத் ஜெப ஆலய ஊழியர்கள் அனைவரும்,
ராமத் கான்