பல்லில் கடித்த பறி

ஏரிப் படகில் எனக்கு எதிரே, கையால் இறால் பிடிக்கும் இரண்டு பெண்கள் ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம பல்லாலதான் தண்ணியில நிக்கிற கண்டல் காடு அழியப் போவுதுக்கா," என்றாள் இளையவள்.

"இன்னாடி உளர்றே?"

"ஒல்லாந்தர் கப்பலுக்குத் துறை கட்டணுமாம். காட்ட வெட்டலாமா, யாராச்சும் வேணாங்கறீங்களான்னு அவங்க கோட்டைக் கணக்கன் நேத்து கரையில நின்னு கேட்டான்ல?"

"கேட்டான். நம்ம ரெண்டு கையும் சேத்துல, இறால் போடுற பறிக்கூடை பல்லுல. எப்படிப் பேசறது?"

"யாரும் வேணாங்கலைன்னு ஓலையில எழுதிட்டானாம்."

"அடப்பாவி, அந்தக் காட்டுல கொக்கெல்லாம் இப்பத்தான் குஞ்சு பொரிச்சிருக்குது!"

மூத்தவள் எழுந்துவிட்டாள். படகு கரை தட்டுமுன்பே முழங்கால் தண்ணீரில் குதித்தாள்.

"இந்தா, என் பறிய நீ வச்சுக்க. கோட்டைக்குப் போறேன். இன்னிக்கு என் வாயில ஒண்ணும் இல்ல."