அப்பாவின் படத்துக்கு உட்கார்ந்தவள்

சாக்பீஸ் ஈரத்தரையில் பிடிக்காது. அதனால் தினமும் காலையில் மாடி அறையைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் காயவிட்ட பிறகுதான் குறி போடுவேன். படம் வைக்கும் ஸ்டாண்டின் கால்களுக்கு மூன்று, நான் உட்காரும் நாற்காலியின் கால்களுக்கு நான்கு. இந்த ஏழு குறிகளும் ஒரு நூல் அளவுகூட நகரக் கூடாது என்று தம்பி முதல் நாளே சொல்லிவிட்டான். அந்த வேலையை என்னை நம்பித்தான் ஒப்படைத்தான்.

உங்கள் காவல் நிலைய எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டு வந்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் அதிலிருந்த "ஆத்திரத்தில்" என்ற ஒரு சொல். எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் ஆத்திரத்தில் செய்ததில்லை. ஆகவே நானே எழுதித் தருகிறேன். எனக்கு வயது அறுபத்தாறு. கை நடுங்கவில்லை என்பதை எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

என் அப்பா டாக்டர். இந்த ஊரின் முதல் பெரிய மருத்துவமனையைக் கட்டியவர். அதற்கு இந்த வருடம் ஐம்பது ஆண்டு நிறைகிறது. நுழைவுக் கூடத்தில் அவருடைய ஆளுயரப் படம் ஒன்றை மாட்டவேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. செயலாளர் வீட்டுக்கு வந்து, "சொந்தப் பிள்ளையே ஓவியரா இருக்கும்போது வேற யார்கிட்டம்மா போறது?" என்றார். எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனால் மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். வெளியார் ஏன் என்று கேட்கும் நிலையில் நம் வீட்டு விஷயத்தை வைக்கக் கூடாது என்பது அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

தம்பி என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவன். பதினைந்து வயதில் வீட்டைவிட்டுப் போனவன். கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதினான். பாடப் புத்தகங்களுக்குத் தவளையின் குடலையும் பூவின் குறுக்குவெட்டையும் வரைந்தான். டாக்டர் மகன் ஏணி மேல் நின்று செருப்புக் கடைக்குப் பெயர் எழுதுகிறான் என்று ஒரு நோயாளி என் முகத்துக்கு நேராகவே சொன்னார். பிறகு வங்கித் தலைவர்களையும் கல்லூரி முதல்வர்களையும் வரையும் அளவுக்கு உயர்ந்தான். அந்தப் படங்களில் பெரும்பாலும் எல்லோரும் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார்கள். அவனுக்குக் கண் வரையத் தெரியாது. கண்ணாடியை மாட்டி, அதில் ஒரு வெளிச்சக் கீற்றைப் போட்டுத் தப்பித்துக்கொள்வான். அவனே அதைச் சொல்லிச் சிரிப்பான்.

"அப்பா கண்ணாடி போடமாட்டாரே. இப்ப எங்கடா ஒளிஞ்சுக்குவ?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே அக்கா. அவர் மூஞ்சிய அப்படியே உரிச்சு ஒட்டின மாதிரி."

அவன் புகைப்படத்தைப் பார்த்து வரையமாட்டான். போட்டோவில் வெளிச்சம்தான் இருக்கும், ஆள் இருக்கமாட்டான் என்பான். அப்பாவின் நெற்றி, தாடை, உட்காரும் தோரணை எல்லாம் எனக்கு அப்படியே வந்திருக்கின்றன. அதனால் தலைமுடியை இறுக்கி முடிந்து, அப்பாவின் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தினமும் காலை ஒன்பது முதல் பதினொன்றரை வரை அவனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

மாடி அறையை அவன்தான் தேர்ந்தெடுத்தான். வடக்கு ஜன்னல் வெளிச்சம் ஆடாமல் அசையாமல் இருக்கும் என்றான். அது அம்மா இருந்த அறை.

அம்மாவைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதுதான். மருத்துவமனை திறந்த மறுவருடம், காத்திருந்த நோயாளிகள் மத்தியில் நின்று, "நேற்று இறந்த குழந்தை என் புருஷன் கையால்தான் செத்தது, அவர் குடித்திருந்தார்" என்று அம்மா சொன்னாள். சொல்லக் கூடாததைச் சொல்பவர்களை உடம்பு சரியில்லாதவர்கள் என்றுதானே வைத்துக்கொள்ளவேண்டும்? அப்பா அவளை மாடி அறையில் வைத்தார். அந்த அறையிலிருந்து நேராக வெளியே இறங்க ஒரு படிக்கட்டு இருந்தது. அதை இடித்தார். கதவு மட்டும் அப்படியே நின்றது. திறந்தால் ஆகாயம், கீழே கல் பாவிய முற்றம். அம்மா அங்கே பதினொரு வருடம் இருந்தாள். வேளாவேளைக்குச் சாப்பாடு போனது. தம்பி தாளில் எதையாவது கிறுக்கி உள்கதவின் அடியில் தள்ளிவிடுவான். அந்தத் தாள்களை எடுத்து அடுப்பில் போடும் வேலையும் எனக்குத்தான் வந்தது.

இப்போது அவன் வேலை செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்டாண்டை என் நாற்காலிக்குப் பக்கத்தில், எனக்கு இணையாக நிறுத்துவான். பத்துப் பதினைந்து தீற்று தீற்றுவான். பிறகு படத்தைவிட்டுக் கண் எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல், எட்டுக் காலடி பின்னால் நடப்பான். அங்கே நின்று கண்ணைப் பாதி மூடி என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்ப்பான். மறுபடி முன்னால் வருவான். ஒரு காலையில் அறுபது எழுபது தடவை இப்படிப் போய்வருவான். முப்பது வருடப் பழக்கம். சில நாள் தூரிகையை டர்பன்டைன் டப்பாவுக்குப் பதில் தேநீர்க் கிளாசில் முக்கிவிடுவான். சில நாள் டர்பன்டைனை வாய்வரை கொண்டுபோய்விடுவான். ஆனால் அந்த எட்டுக் காலடியில் ஒருநாளும் தவறியதில்லை.

எட்டாவது காலடி முடியும் இடத்திலிருந்து படியில்லாக் கதவுக்கு ஐந்தடி இடைவெளி இருந்தது. கதவின் இடுக்குகளில் வெளிச்சம் கசிகிறது என்று அவன்தான் அதற்குக் கெட்டியான கறுப்புத் திரை போடச் சொன்னான். போட்டேன்.

மூன்றாம் நாள் அவன், "அக்கா, அப்பா கையில ஸ்டெதஸ்கோப் வேணாம். சாவி குடுக்கப் போறேன்" என்றான்.

"என்ன சாவி?"

"இந்த ரூம் சாவி. வேற எந்தச் சாவிய அவர் கையில வெச்சிருந்தார்?"

"கூடத்துல ஆயிரம் பேர் பாக்குற படம்டா அது."

"அதனாலதான். படத் திறப்பு விழாவுல ரெண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்காங்க. சாவி எதுக்குன்னு யாராவது கேப்பாங்க. சொல்லுவேன்."

"பெத்த அப்பனை நடுக்கூடத்துல நிக்க வெச்சுக் கேவலப்படுத்துறதுக்கா இவ்வளவு வருஷம் கழிச்சு வந்த?"

"கேவலம் நான் வரையறதுலயா இருக்கு? கோட்டு காலரைச் சரி பண்ணு. நிமிர்ந்து உக்காரு."

நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். எனக்கு வேறு விதமாக உட்காரத் தெரியாது.

மறுநாள் காலை தரை காய்ந்ததும் ஏழு குறிகளையும் கதவுப் பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டேன். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு விரற்கடை. இதை ஒரு முடிவு என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். முடிவு என்பது வேறு. படத்தைப் பார்த்த பிறகுதான் நான் முடிவு செய்தேன். அதை என் கண்ணாலேயே பார்க்கும்வரை அவனுக்கு எல்லாச் சந்தர்ப்பமும் கொடுத்தேன்.

ஒரே ஒரு தடவை அவன், "வெளிச்சம் கொஞ்சம் மாறின மாதிரி இருக்கே?" என்றான்.

"வெயில் திரும்புதில்ல?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று தாடையின் நிழலைக் கொஞ்சம் கறுப்பாக்கினான்.

அந்த நாட்களில் எங்கள் பேச்சு மரியாதையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். என் தோலின் நிறத்துக்கு அவன் வண்ணம் கலப்பதைப் பார்த்து, "ஆறின சாம்பார்ல பால் ஊத்தின மாதிரி இருக்கு" என்றேன். "உள்ளே இருக்கிறதுதானே வெளியே வரும்" என்றான். முதல் பதினைந்து நாளில் தலையை மூன்று தடவை சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வரைந்தான். கத்தியால் அவன் சுரண்டும் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. "வரலக்கா. ஆள் வரல. பொம்மைதான் வருது" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்துமூன்று வயது ஆண்பிள்ளை. அவன் தோற்றுப் போவான், படம் நின்றுபோகும் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். ஆனாலும் குறிகளை நகர்த்துவதை நிறுத்தவில்லை. பாதியில் விட்டுவிடுவது என் வழக்கமல்ல.

இருபதாம் நாள் கை வரையவேண்டும் என்றான். "எதாவது பழைய சாவி இருந்தா எடுத்துட்டு வா. அப்பாவோட சாவி எங்க போச்சோ."

நான் எழுந்து போகவில்லை. இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். உள்கதவுச் சாவியும் படியில்லாக் கதவின் பூட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் இருக்கும்.

அவன் தூரிகையை எடுக்கவில்லை. வெகுநேரம் சாவியையே பார்த்தான்.

"இது உன்கிட்டயா இருந்துச்சு?"

"எப்பவும் என்கிட்டதான். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி வேலையே தலைக்கு மேல. பதினேழு வயசுலேர்ந்து நான்தான் வெச்சிருக்கேன்."

"அம்மா விழுந்த அன்னைக்கு?"

"புழுக்கமா இருக்குன்னா. காத்துக்காகக் கதவைத் திறந்துவிட்டேன். படியை இடிச்சது அவளுக்கு ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன்."

நான் சொன்னதில் பொய் இல்லை. அம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது என்பதைச் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை. எட்டுக் காலடி பின்னால் போனான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டான். அவன் முகத்தில் துளி கோபம்கூட இல்லை. பிறகு வந்து தலையை நான்காவது தடவையாகச் சுரண்டினான்.

"அக்கா, இப்ப என்ன நெனச்சிட்டு உக்காந்திருக்க?"

"ஒண்ணும் இல்ல."

"அதை மாத்தாத. தினமும் அதையே நெனச்சிட்டு உக்காரு."

அன்றிலிருந்து அவன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மறந்தான். தேநீர் ஏடு கட்டிக் கிடந்தது. என்னைப் பார்க்கும்போது பயமும் ஆசையும் கலந்த ஒரு பார்வை பார்த்தான். புதிதாக எழுத்துக் கற்றுக்கொண்ட குழந்தை எதைக் கண்டாலும் படித்துப் பார்க்குமே, அப்படி. "முப்பது வருஷமா இது எனக்குத் தெரியாமப் போச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான் என்ன செய்தேன்? அவன் பின்னால் நடப்பதையும், அவன் முதுகுக்கும் திரைக்கும் இடையில் தினமும் குறையும் இடைவெளியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் அவன் வரைந்துகொண்டிருந்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தது கதவை.

நாற்பத்துமூன்றாம் நாள் சாயங்காலம் அவன் வண்ணம் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது படத்தின் மேலிருந்த துணியை எடுத்தேன். மறுநாளோடு முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தான்.

நன்றாகத்தான் வரைந்திருந்தான். அதை மறுக்க எனக்கு மனமில்லை. கண்ணாடி இல்லாத இரண்டு கண்கள். அவன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கண் வரைந்திருந்தான். எதிரில் நிற்பவரை அளவெடுத்து, இவருக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்கு வைத்திருக்கும் கண்கள். வாயில் சிரிப்புக்கு முந்திய ஓர் அமைதி. மடியில் சாவி. இரக்கம் என்ற ஒன்று இருக்கிறது என்பதையே கேள்விப்படாத முகம். அப்பாவுக்கு அப்படி ஒரு முகம் இருந்ததே இல்லை. அவர் பலவீனமானவர். குடித்துவிட்டு வந்தால் என் அறை வாசலில் உட்கார்ந்து அழுவார். அப்படிப்பட்டவரை இப்படி ஆயிரம் பேர் பார்க்க மாட்டுவதா? அப்போதுதான் முடிவு செய்தேன். அன்று வரை முடிவு என்று எதுவும் இல்லை.

மறுநாள் காலை, அவன் வருவதற்கு முன், திரைக்குப் பின்னால் பூட்டைத் திறந்தேன். இரும்புப் பட்டையை எடுத்துவிட்டேன். கீல்களுக்கு எண்ணெய் விட்டு, அந்தக் கதவின் இரண்டு பலகைகளையும் வெளிப்பக்கமாக முழுக்கத் திறந்துவைத்தேன். காற்றில்லாத நாள். திரை அசையவில்லை. தரையைத் துடைத்து, காயவிட்டு, ஏழு குறிகளையும் போட்டேன். அன்று மட்டும் இரண்டு விரற்கடைக்குப் பதில் ஒரு சாண்.

பதினொரு மணிக்குக் கடைசித் தீற்றலை வைத்தான். "முடிஞ்சிடுச்சு அக்கா" என்றான். குரலில் பகை இல்லை. சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். படத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்தான். அன்று வழக்கத்தைவிடப் பெரிய காலடிகளாக வைத்தான். நான் மனதுக்குள் எண்ணினேன். ஆறிலேயே திரை அவன் முதுகில் பட்டது. ஒரு கணம் நின்றான். அப்போது அவன் பார்வை படத்திலிருந்து என் முகத்துக்கு வந்தது. மறுபடி படத்துக்குப் போனது. இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்ப்பவன்போல. திருப்தியோடு தலையை ஆட்டிக்கொண்டு ஏழாவது காலடியை வைத்தான்.

உடனே நான் கீழே இறங்கவில்லை. ஈரத் தூரிகைகளை அப்படியே விட்டால் விறைத்துவிடும். டர்பன்டைனில் அலசி வைத்தேன். வண்ணக் குழாய்களை மூடினேன். தரையிலிருந்த குறிகளை அழித்தேன். படம் ஈரமாக இருந்ததால் ஓரத்தைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். கிழித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் குழு கேட்கும். ஏன் கிழித்தீர்கள் என்பார்கள்.

நீங்கள் முதன்முதலாக அந்த அறைக்கு வந்தபோது, படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க படமாம்மா?" என்று கேட்டீர்கள். மருத்துவமனைச் செயலாளரும் அதையேதான் கேட்டார். "அற்புதமா வரைஞ்சிருக்கார். ஆனா டாக்டர் ஐயா ஜாடையே இல்லியேம்மா, இது நீங்கல்ல?" என்றார். படத்துக்கு உட்கார்ந்தவள் நான் என்பதால் வரும் குழப்பம் இது. இது அப்பாதான் என்று இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்.

கேன்வாஸின் பின்பக்கச் சட்டத்தில் தேதியும் தலைப்பும் எழுதுவது தம்பியின் வழக்கம். படத்தைத் திருப்பியபோது பார்த்தேன். இருபதாம் நாளின் தேதி போட்டு, "அக்கா" என்று எழுதியிருந்தான். அவன் சின்ன வயதிலிருந்தே கவனக்குறைவானவன். நீங்கள் வருவதற்கு முன்பே அதை அடித்துவிட்டு, என் கையாலேயே அப்பாவின் முழுப் பெயரையும் பட்டங்களையும் தெளிவாக எழுதிவைத்தேன். அது யாருடைய முகம் என்று இனிமேல் ஒருவருக்கும் சந்தேகம் வராது.