ஒன்பதாவது சுற்று

பகல் பன்னிரண்டரை மணி. ராத்திரி இல்லை… அதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று எவன் சொன்னான்?

ஆள் அரவமே இல்லாத ரோடு. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் ஷெட்டுகள். நடுவே ஒரு குட்டி வேன். ஓட்டுகிறவன் என் நண்பனுடைய பெரியப்பா மகன். சொந்தப் பட்டறை வைத்திருப்பவன். தொழில் வட்டாரத்தில் அவனுக்குப் பெயர் ‘மைக்ரான்’. ஒரு தலைமுடியைக் கொடுத்து அளக்கச் சொன்னால், ‘எந்த முனையில அளக்கணும்?’ என்று கேட்கிற ரகம்.

பக்கத்தில் மச்சான். மைக்ரான் பெண்டாட்டிக்கு ஒரே தம்பி. அவனைத் தொழிலில் சேர்த்துக்கொண்ட அன்றே அவள் சொல்லிவிட்டாள். “பத்து விரலோட கூட்டிட்டுப் போறீங்க. பத்து விரலோட கூட்டிட்டு வரணும்.”

பழைய மில்லிங் மெஷின் ஒன்று விலைக்கு வந்திருந்தது. மேஜை மேல் வைக்கிற சின்ன ரகம். மேலே கட்டர் சுழலும். கீழே டேபிள். அதன் மேல் வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் இரும்பை இறுக்கி, கைப்பிடியைச் சுற்றினால் டேபிள் நகர்ந்து கட்டரிடம் போகும். அவ்வளவுதான் சங்கதி.

விற்கிற பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. இரண்டு கண்ணிலும் பால் ஊற்றினாற்போல் வெள்ளை.

மைக்ரான் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். முதல் சுற்று… டேபிள் அசையவே இல்லை. இரண்டாவது சுற்றில்தான் நகர்ந்தது.

“மாமா, அக்கா உங்களைக் கூப்பிட்டா நீங்க எந்திரிக்கிற மாதிரியே இருக்கு. முதல் தடவை வேஸ்ட்டு” என்றான் மச்சான்.

வாசலிலிருந்து பெரியவர் குரல் வந்தது. “பெயிண்ட் அடி, பேரிங் மாத்து, மோட்டார் மாத்து. முதல் சுத்து வீணாப் போற அந்த ஆட்டத்தை மட்டும் எடுத்துராதப்பா. என்னால இனிமே அரம் பிடிக்க முடியல. கண்ணு போச்சு.”

கிழவர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தான் மைக்ரான்.

மூன்று வாரம். கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டுத் துருவைச் சுரண்டினான். பேரிங் புதுசு, பெல்ட் புதுசு. டேபிள் நகர்வதைப் புள்ளிக்கணக்கில் காட்டும் டிஜிட்டல் டிஸ்ப்ளேயும் பொருத்தினான். கடைசியில் டேபிளுக்கு அடியில், ஸ்க்ரூ ஓடுகிற பித்தளை நட்டைக் கழற்றினான்… பார்த்தான். மறுபடி பார்த்தான்.

அது தேய்ந்த நட்டு இல்லை. மரை மேல் அரத்தின் கோடுகள். யாரோ வேண்டுமென்றே அராவியிருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை.

“எந்தப் பாவி இந்த வேலை பார்த்தான்?” மைக்ரானுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கே புது நட்டு கடைந்து போட்டு, கைப்பிடியையும் மாட்டினான். கைப்பிடியைத் தொட்டால் டேபிள் நகர்ந்தது. மயிரிழை ஆட்டம் கிடையாது.

மறுநாள் பகல் பன்னிரண்டரை.

மச்சான் வைஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மெஷின் ஓடவில்லை. டக்… வைஸின் வாய் மூடியது. வலது கை உள்ளே.

“மாமா… விளையாடாதீங்க மாமா.”

மைக்ரான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

கட்டர் சுழல ஆரம்பித்தது. சுவிட்சை யாரும் தொடவில்லை. கருகிய எண்ணெய் வாடை. கைப்பிடி தானாகச் சுற்றியது. ஒன்று… இரண்டு…

மைக்ரான் பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தான். அது நிற்கவில்லை. அவன் மணிக்கட்டைச் சேர்த்துச் சுற்றியது. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். எலும்பு. நான்கு…

பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். கட்டர் இன்னும் வேகமெடுத்தது. ஆறு…

“மாமா, கையை வெட்டி எடுத்துருங்க மாமா!” மச்சான் அலறிய அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஏழு… எட்டு…

இடது கையில் சம்மட்டி. மைக்ரான் கண்ணை மூடிக்கொண்டு, டேபிளோடு ஸ்க்ரூ சேரும் இடத்தில் ஓங்கிப் போட்டான். ஒன்பதாவது சுற்று முடியவும் வார்ப்பு இரும்பு உடைந்து தெறிக்கவும் சரியாக இருந்தது. அதற்குள்… சுண்டு விரலின் நுனி நகத்தோடு போய்ச் சுவரில் ஒட்டியது. ரத்தம் மைக்ரானின் பல் வரை தெறித்தது.

கைப்பிடி நின்றது. வைஸ் தானாகவே திறந்தது.

மச்சானை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாவுக்கட்டோடு கிழவரிடம் போனான் மைக்ரான். அதே நாற்காலி.

“எத்தனை சுத்து?” என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல்.

“ஒன்பது.”

“அன்னைக்கும் இதே பகல் பன்னிரண்டரை, ஒன்பதுதான் சுத்தினேன். என் தம்பி கையை அந்த வைஸ்ல வெச்சு. பட்டறை யாருக்குன்னு சண்டை… எட்டு வரைக்கும் ‘அண்ணா, அண்ணா’ன்னு கத்தினான். ஒன்பதாவதுல தொட்டுது. துடிச்சான். பிடிச்ச பிடியை நான் விடல. ரத்தம் நிக்கவே இல்ல…” மூச்சு வாங்கினார். “செத்தும் அவன் எண்ணிக்கை தப்ப மாட்டான்ப்பா. முதல் சுத்து வீணாப் போனா, ஒன்பதாவது தொடாது. அதான் அராவி வெச்சேன்.”

அந்த மெஷினைத் தூக்கிக் கடாச வேண்டியதுதானே என்கிறீர்களா? மைக்ரானும் நினைத்தான். ஆனால் வாங்குகிறவன் சும்மா இருப்பானா? முதல் வேலையாக ஆட்டத்தைத்தானே எடுப்பான்! அவனுக்கும் ஒரு மச்சான் இருப்பான்.

உடைந்ததை ஒட்டி, மைக்ரானே அரத்தை எடுத்தான். தன் கையால் கடைந்த நட்டைத் தன் கையாலேயே கெடுத்தான். இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம். சரியாக ஒரு சுற்று வீண். இப்போதும் தினம் பகல் பன்னிரண்டரைக்கு, பூட்டிய அறைக்குள் கைப்பிடி ஒன்பது தடவை சுற்றுகிற சத்தம் கேட்கும். பிறகு அமைதி.

பித்தளை தேயும், கேட்டிருக்கிறோம். வளருமா? போன மாதம் டிஸ்ப்ளேயில் ஆட்டம் இரண்டு. இந்த மாதம்… ஒன்று புள்ளி ஆறு. மறுபடி அராவினால்தான் உண்டு.

நேற்று நண்பன் போன் செய்தான். மைக்ரான் அரத்தோடு உட்கார்ந்திருக்கிறானாம். அரத்தின் பல் தெரியவில்லையாம்… எல்லாமே பால் ஊற்றினாற்போல் இருக்கிறதாம்.

அவனுக்கு வயது முப்பத்தெட்டுதான்.